காதில் விழாத திருத்தம்

ஓசூர் பாகலூர் ரோட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை ஒன்றின் மாடியில் பொற்கொடியின் ஆபீஸ் இருந்தது. கீழே பழைய மோட்டார்களைத் தட்டிக் கழற்றும் சத்தம் காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாது. மாடியேறி வருகிறவர்கள் முதலில் அதைத்தான் குறை சொல்வார்கள். "எப்படி மேடம் இந்தச் சத்தத்துல கணக்குப் பாக்கறீங்க?" என்று கேட்பார்கள். பொற்கொடி சிரித்துவிட்டு, "பழகிப்போச்சுங்க" என்பார். உண்மையில் அந்தச் சத்தம் அவருக்கு எட்டாமல் போய்ச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. அதை அவர் வீட்டுக்கு வெளியே யாரிடமும் சொல்லவில்லை.

சாத்தூர்ப் பக்கம் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்கு எழுதியவரின் மகள் அவர். சி.ஏ. கடைசித் தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்று, வீட்டில் எல்லோரும் போதும் என்று சொன்ன பிறகும் எழுதித் தேறியவர். தேறிய வருடமே வெள்ளைச்சாமியோடு கல்யாணம் ஆயிற்று. வெள்ளைச்சாமிக்கு ஓசூரில் வண்டிகளுக்குத் தகடு அடிக்கும் கம்பெனியில் வேலை. அவர் பிரஸ் ஷாப்பில் ஷிப்டுக்குப் போய்வந்த காலத்தில், பொற்கொடி சிப்காட் தொழிற்பேட்டையில் வாசல் வாசலாக ஏறி இறங்கி, சின்னச் சின்னப் பட்டறைகளின் கணக்குகளைப் பிடித்தார். பெரிய கம்பெனிகளுக்குப் போல்ட், பிராக்கெட், புஷ் என்று செய்து கொடுக்கும் பட்டறைகள். அவர்கள் எல்லோருக்கும் அவர் ஆடிட்டரம்மா. பில் இல்லாமல் ஒரு செலவைக் காட்டினால் முகத்துக்கு நேராகத் திட்டுவார். ஆனால் வரித்துறையிலிருந்து நோட்டீஸ் வந்தால் அந்தத் திட்டு வாங்கியவருக்காக அவரே போய் நிற்பார்.

நாற்பத்தைந்தைத் தாண்டியபோது போனில் பேசுவது தெளிவில்லாமல் போயிற்று. போன் பழுது என்று நினைத்து மாற்றினார். புதுப் போனிலும் அதே கதை. வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போனதைக் கண்டுபிடித்தவர் வெள்ளைச்சாமிதான்.

"பிரஸ் ஷாப்புல நிக்கிறவன் நானு. காது போறதா இருந்தா எனக்குல்ல போயிருக்கணும்" என்றார். கம்பெனியில் காதடைப்பான் கொடுத்திருந்தார்கள், வருடத்துக்கு ஒருமுறை பரிசோதனையும் உண்டு. அவருடைய காது நன்றாகவே இருந்தது.

பெங்களூரில் பார்த்த டாக்டர், நரம்பு தளர்ந்துகொண்டே வருகிறது, ஆபரேஷன் செய்தாலும் உறுதி சொல்ல முடியாது என்றார். காதுக்கருவி ஒன்று எழுதிக்கொடுத்தார். அதை மாட்டினால் ஃபேன் சத்தமும் கீழ்க்கடைச் சத்தமும் பல மடங்காகிப் பேச்சை மூழ்கடித்தன. ஒரு மாதம் மாட்டிப் பார்த்துவிட்டு அலமாரியில் வைத்துவிட்டார். அதற்குள் உதடுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டிருந்தார். யாரும் சொல்லித்தரவில்லை. வேறு வழியில்லாததால் வந்த வித்தை.

ஆனால் ஓசூரில் உதடு படிப்பது மற்ற ஊர்களைப் போல இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர் தமிழில் ஆரம்பிப்பார், நடுவில் கன்னடத்துக்குப் போவார், கோபம் வந்தால் தெலுங்கு. பொற்கொடிக்கு மூன்றும் புரியும். காது கேட்ட காலத்தில் அது பெரிய வசதி. உதட்டில் படிக்க மட்டும் தமிழைத் தவிர எதுவும் பிடிபடவில்லை. பேச்சு மாறியதும் நன்றாகத் தெரிந்த ஆளின் முகம்கூடத் தெரியாத முகமாகிவிடும். அப்போதெல்லாம் ஆபீசில் இருந்த சரிதா கைகொடுத்தார். சரிதா பத்து வருடத்துக்கு மேலாக அங்கே வேலை பார்த்தவர், போன் எடுப்பதும் பில்களை ஏற்றுவதும் அவர்தான். பொற்கொடி சொல்லாமலே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. "மேடம், சார் என்ன கேக்கறார்னா" என்று ஒவ்வொன்றையும் தமிழில் திருப்பிச் சொல்வார். வந்தவர்கள் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்கள்.

சரிதாவால் வரமுடியாத இடம் ஒன்று இருந்தது. அது வகுப்பு.

ஆடிட்டராகத் தொழில் செய்ய உரிமம் வேண்டும். அந்த உரிமம் நிலைக்க வேண்டுமானால் வருடந்தோறும் இத்தனை மணி நேரம் என்று வகுப்புகளில் உட்கார்ந்து சட்டத்தில் வந்த மாற்றங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். அதில் ஒரு பங்கு நேரில் போய் உட்கார்ந்தே ஆகவேண்டும். தொழிலில் இருப்பவர்கள் அதை 'அவர்ஸ்' என்பார்கள். டிசம்பர் வந்தால் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அவர்ஸ் முடிஞ்சுதா?" என்பதுதான்.

வகுப்புகள் பெங்களூர் ஹைவேயில் ஒரு ஹோட்டல் ஹாலில், சனிக்கிழமைகளில் நடக்கும். பேச வருபவர்கள் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வந்து இங்கிலீஷில் பேசுவார்கள். பலர் பின்வரிசையில் உட்கார்ந்து போன் பார்ப்பார்கள். சிலர் கையெழுத்துப் போட்டுவிட்டு டீ இடைவேளையில் கழன்றுவிடுவார்கள். பொற்கொடி எப்போதும் முன்வரிசை. திரையில் வரும் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் பிடித்துக்கொள்வார், நோட்டில் எழுதிக்கொள்வார். எல்லோரையும்விட அக்கறையானவர் என்று அவருக்குப் பெயர்.

கொரோனா சமயத்தில் வகுப்பெல்லாம் கம்ப்யூட்டருக்கு வந்தது. பேசுகிறவரின் வார்த்தைகள் திரையின் அடியில் எழுத்தாக ஓடின. தப்பும் தவறுமாக ஓடினாலும் அந்த இரண்டு வருடங்கள் பொற்கொடிக்குத் திருவிழா மாதிரி இருந்தன. மற்றவர்கள் எப்போது முடியும் என்று காத்திருந்தபோது அவர் மேலும் மேலும் வகுப்புகளில் சேர்ந்தார், கேள்விகள் தட்டி அனுப்பினார். பிறகு ஹால் வகுப்புகள் திரும்பின. முன்வரிசையும் திரும்பியது.

தவறு நடந்தது அப்படி ஒரு சனிக்கிழமையில்தான். சின்னக் கம்பெனிகள் புதிதாகத் தாக்கல் செய்யவேண்டிய ஒரு விவரத்தைப் பற்றி அன்றைய வகுப்பு. திரையில், இது அடுத்த ஆண்டு முதல் என்று இருந்தது. பேச்சாளர் திரையைப் பார்த்துத் திரும்பி நின்று ஏதோ சொன்னார். அவருடைய முதுகுதான் பொற்கொடிக்குத் தெரிந்தது. சுற்றிலும் எல்லோரும் குனிந்து எழுதினார்கள். முக்கியமான விஷயம் போலிருக்கிறது என்று பொற்கொடியும் குனிந்து, திரையில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார். அடுத்த ஆண்டு முதல்.

பேச்சாளர் சொன்னது வேறு. டைப் செய்ததில் பிழை, இந்த ஆண்டு முதல் என்று திருத்திக்கொள்ளுங்கள் என்று அவர் சொல்லியிருந்தார்.

சில மாதங்கள் கழித்து ஜெகதீஷ் போன் செய்தார். சிப்காட்டில் பிராக்கெட் செய்யும் பட்டறைக்காரர். தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஊர், வீட்டில் தெலுங்கு, சரக்கு எடுப்பவர்களோடு கன்னடம், ஆடிட்டரம்மாவோடு தமிழ். பொற்கொடியின் பழைய கட்சிக்காரர்களில் ஒருவர். அந்தப் புது விவரத்தை இந்த வருடம் கொடுக்க வேண்டுமா என்று சரிதா மூலம் கேட்டார். தாக்கல்கள் குவிந்து கிடந்த வாரம் அது. பொற்கொடி எதையும் சட்டப் புத்தகத்தைத் திறந்து பார்க்காமல் சொல்கிறவரில்லை. அன்று மட்டும் போனில் இருந்த படத்தைப் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷந்தான்னு சொல்லு. வகுப்புலயே போட்டாங்க" என்றார்.

அபராத நோட்டீஸ் வந்தது. அபராதம் கட்டிவிடலாம். ஆனால் ஜெகதீஷ் அந்த நேரத்தில் இரண்டாவது சி.என்.சி. மெஷினுக்காக வங்கியில் கடன் கேட்டிருந்தார். தாக்கல் செய்யாத குறை பதிவில் இருந்ததால் வங்கி கோப்பை நிறுத்தி வைத்தது. மெஷின் வரும் என்று நம்பி அவர் ஒத்துக்கொண்ட ஆர்டர் வேறு பட்டறைக்குப் போய்விட்டது. அதற்காக ஏற்கெனவே வேலைக்கு எடுத்திருந்த இரண்டு பேரை அவர் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம் ஜெகதீஷ் மாடியேறி வந்தார். சரிதா பேங்குக்குப் போயிருந்தார். ஜெகதீஷ் உட்காராமல் ஜன்னலருகே நின்று வெளியே பார்த்தபடி பேசினார். தோள் அசைவதைப் பார்த்து அவர் பேசுகிறார் என்று மட்டும் பொற்கொடிக்குத் தெரிந்தது.

"கொஞ்சம் இப்படி உக்காருங்க" என்றார் பொற்கொடி.

ஜெகதீஷ் வந்து உட்கார்ந்தார். "குருமூர்த்தி சாரை பேங்க்ல பாத்தேன் மேடம். நோட்டீஸ் விஷயத்தை அவர்கிட்ட சொன்னேன். அந்தக் கிளாஸ்ல அவரும் இருந்தாராமே. ஸ்கிரீன்ல தப்பா இருக்குது, திருத்திக்குங்கன்னு அங்கியே சொல்லிட்டாங்களாம். எல்லாரும் திருத்திக்கிட்டாங்களாம்."

குருமூர்த்தியும் ஊரில் ஆடிட்டர். அன்றைக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர். பொற்கொடிக்கு அந்தச் சனிக்கிழமை கண்முன் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் குனிந்தது, பேனாக்கள் அசைந்தது.

"எனக்குக் காதுல விழலைங்க" என்றார்.

"கவனிக்கலைங்களா?"

"கவனிக்கலைன்னு இல்லைங்க. எனக்குக் காது கேக்காது. அஞ்சாறு வருஷமாவே."

ஜெகதீஷ் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இத்தினி வருஷம் நான் பேசினதெல்லாம்?"

"உங்க வாயைப் பாத்துத்தான்."

ஜெகதீஷின் கை தானாக எழும்பி வாயை மறைத்தது. உடனே அதை எடுத்துவிட்டார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எழுதிக் காட்டியிருப்பேனே மேடம்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் பொற்கொடிக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு எழுந்து நின்று, ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்தி, குழந்தைக்குச் சொல்வது போல வாயைப் பெரிதாகத் திறந்து சொன்னார். "அடுத்த வருஷம் ஆடிட்டை குருமூர்த்தி சார்கிட்ட குடுக்கறேன். தப்பா நெனைக்காதீங்க. பேங்க்ல கேக்கறாங்க."

"அதுதாங்க சரி" என்றார் பொற்கொடி.

ஜெகதீஷ் யாரிடமும் குறை சொல்லிக்கொண்டு திரியவில்லை. ஒரே ஒருவரிடம் வருத்தமாகச் சொல்லியிருப்பார். சிப்காட்டில் அது போதும். ஒரு ஆடிட்டர் மாறும்போது புதியவர் பழையவருக்கு, உங்களுக்கு ஆட்சேபம் உண்டா என்று எழுதிக் கேட்க வேண்டும் என்பது தொழில் முறை. அடுத்த சில மாதங்களில் குருமூர்த்தியிடமிருந்தும் வேறு இரண்டு மூன்று பேரிடமிருந்தும் அப்படிக் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. கட்சிக்காரர்கள் முகம் காட்டவில்லை, கடிதத்தில்தான் அவர்கள் போவது தெரிந்தது. ஒவ்வொன்றுக்கும் பொற்கொடி ஆட்சேபம் இல்லை என்று பதில் எழுதினார்.

குருமூர்த்தி ஒருநாள் நேரில் வந்தார். நல்ல மனிதர்.

"நான் தெரிஞ்சு சொல்லலை மேடம். எனக்கு உங்க விஷயமே தெரியாது. பேச்சோட பேச்சா சொன்னது."

"நீங்க உள்ளதைத்தான சார் சொன்னீங்க."

"அவர்ஸ் எவ்வளவு பாக்கி?"

"நேர்ல போகவேண்டியது கொஞ்சம் இருக்கு."

"நீங்க வந்து கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்பிடுங்க மேடம். சாயங்காலம் ஒருதரம் வந்து போடுங்க. நடுவுல எதுக்கு நாள் பூரா உக்காந்துக்கிட்டு? உங்களுக்கு இருந்தாலும் இல்லாட்டியும் ஒண்ணுதானே." சொல்லிவிட்டு அவரே திகைத்துப் போனார். உதவியாகத்தான் நினைத்துச் சொன்னார்.

"நான் இருக்கேன் சார்" என்றார் பொற்கொடி.

அன்று சாயங்காலம் வெள்ளைச்சாமி ஷிப்டு முடிந்து வந்ததும், சட்டையைக்கூட மாற்றாமல் பொற்கொடிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மனைவியிடம் பேசும்போது இப்படி முகத்துக்கு நேராக உட்காருவது வழக்கமாகியிருந்தது.

"விட்ரு பொற்கொடி. லைசென்சைத் திருப்பிக் குடுத்துரு. பார்த்தவரைக்கும் போதும்."

"விட்டுட்டு?"

"வீட்ல இரு. ஊருக்குப் போவோம் வருவோம்."

"தப்புப் பண்ணுனது நான். இப்ப விட்டா, அதுக்குப் பயந்து விட்டதா ஆகும்."

"விடலைன்னா மட்டும் போனவங்க வந்துருவாங்களா?" என்று கேட்டார் வெள்ளைச்சாமி. கேட்ட பிறகு எழுந்துபோய்க் கைகால் கழுவினார்.

பொற்கொடிக்கு வேறு ஒரு கேள்வி இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. கேட்காமல் உட்கார்ந்திருந்த மணிகளையெல்லாம் கேட்ட மணிகளாகக் கணக்குக் காட்டியது சரியா? பின்வரிசையில் போன் பார்க்கிறவர்களுக்கும் அதே மணிகள்தான் கிடைத்தன. ஆனால் அவர்களைக் காட்டித் தன்னைச் சமாதானம் செய்துகொள்ள அவரால் முடியவில்லை.

கடைசியில் செய்யவேண்டியதைச் செய்தார். வகுப்பு நடத்துகிற குழுவுக்கு எழுதினார். தனக்குக் காது கேட்காது, பேச்சாளர் பேசுவதைத் திரையில் எழுத்தாக ஓடவிட முடியுமா என்று கேட்டார். உடனே பதில் வந்தது. தாராளமாகச் செய்யலாம், முன்பே சொல்லியிருக்கலாமே என்று எழுதியிருந்தார்கள். பொற்கொடி அந்தப் பதிலை வெள்ளைச்சாமியிடம் காட்டினார். இரண்டு நாள் வீட்டில் முகங்கள் தெளிந்திருந்தன.

அடுத்த வகுப்பில் திரையின் அடியில் எழுத்து ஓடியது. பேச வந்தவர் மங்களூர்ப் பக்கத்துக்காரர். வேகமான இங்கிலீஷ், இடையிடையே கன்னடம். கம்ப்யூட்டருக்கு அது பிடிபடவில்லை. கணக்குப் புத்தகத்தில் வரும் 'சண்ட்ரி கிரெடிட்டர்ஸ்' என்று அவர் சொன்னது 'சண்டே கிரிக்கெட்டர்ஸ்' என்று வந்து விழுந்தது. ஹாலில் யாரோ அதைக் காட்ட, எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு யாரும் பாடத்தைக் கவனிக்கவில்லை. அடுத்து என்ன வேடிக்கை வரும் என்று எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பிழைக்கும் நாற்காலிகள் குலுங்குவதைப் பொற்கொடி பார்த்தார். அவருக்குப் பிழைகள் பொருட்டாக இல்லை. எந்த வார்த்தை எதுவாக மாறியிருக்கும் என்று ஊகித்து, பல வருடங்களுக்குப் பிறகு ஒரு ஹாலில் உட்கார்ந்து பாடத்தைப் பின்தொடர்ந்துகொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்தபோது எழுத்து இல்லை. பொற்கொடி திரையையும் குழுக்காரர்களையும் மாறி மாறிப் பார்த்தார். அவர்களில் ஒருவர் தூரத்திலிருந்தே கையைக் கூப்பினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்த குருமூர்த்தி ஒரு தாளில், 'பேசறவருக்கு டிஸ்டர்ப் ஆகுதாம்' என்று எழுதிக் காட்டினார். அதற்குக் கீழே, 'நான் எழுதித் தர்றேன்' என்றும் எழுதினார்.

டிசம்பருக்குள் பொற்கொடி எல்லா மணிகளையும் முடித்தார். ஒன்றுகூடப் பாக்கியில்லை. உரிமம் இன்னொரு ஆண்டுக்கு நிலைத்தது. அவருடைய கையெழுத்து செல்லும். போடச் சொல்லிக் கேட்பதற்குத்தான் ஆளில்லை. ராயக்கோட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்த அண்ணாதுரை ஒருவர் மட்டும், "நான் கத்திப் பேசற ஆளுங்க, உங்களுக்குக் கேக்கும், எனக்கு வேற ஆடிட்டர் வேணாம்" என்று நின்றார். ஏலம் போட்டுப் பழகிய குரல். அவருடைய சத்தமும் பொற்கொடிக்குக் கேட்பதில்லை. அவர் வாயை அகலமாகத் திறந்து பேசுவதால் படிக்க முடிந்தது. மண்டியோடு ஒன்றிரண்டு சின்னக் கணக்குகளும் மிஞ்சின. அதற்கு ஒரு ஆபீஸ் தேவைப்படவில்லை.

சரிதாவுக்கு வேலை வேண்டுமே என்று குருமூர்த்தியிடம் பொற்கொடியே கேட்டார். அவர் உடனே சரி என்றார், அவருக்கு இப்போது வேலை கூடியிருந்தது. சரிதாவிடம் அதைச் சொன்னபோது சரிதா போகமாட்டேன் என்றார்.

"நான் போயிட்டா போனை யாரு மேடம் எடுப்பாங்க?"

"போன் வந்தாத்தானே சரிதா."

சரிதா திரும்பி நின்று எதையோ சொன்னார், அழுதுகொண்டும் இருந்திருக்கலாம். முதுகைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது. பொற்கொடி திருப்பிக் கேட்கவில்லை. மாசக் கடைசியில் இருவரும் சேர்ந்து கோப்புகளைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினார்கள். மாடியறை கீழ்க்கடைக்காரருக்கே குடோன் ஆயிற்று.

புது வருடத்தின் முதல் வகுப்புக்கு வெள்ளைச்சாமி பைக்கில் கொண்டுபோய் இறக்கிவிட்டார். வேண்டாம் என்று அவர் சொல்வதை விட்டிருந்தார். "முடிஞ்சதும் மெசேஜ் போடு" என்று மட்டும் சொன்னார். பொற்கொடி கையெழுத்துப் போட்டு, வழக்கமான வரிசையில் உட்கார்ந்தார். குருமூர்த்தி பக்கத்தில் வந்து தாளை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டார். முதல் அரைமணி அக்கறையாக எழுதினார். பேச்சாளர் ஏதோ சொல்லி ஹால் சிரித்தது. குருமூர்த்தியும் சிரித்துக்கொண்டே, 'அவர் என்ன சொல்றாருன்னா, போன வருஷம் ஒரு' என்று எழுத ஆரம்பித்தார். அதற்குள் திரையில் அடுத்த பக்கம் வந்தது. அது அவருடைய கட்சிக்காரர்களுக்கு வேண்டிய விஷயம் போலிருக்கிறது, அவர் தாளை விட்டுவிட்டுத் தன் நோட்டை எடுத்து வேகமாக எழுதத் தொடங்கினார்.

பொற்கொடி பாதியில் நின்ற வரியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்துக்கொண்டார்.